பூனையிடம் சொல்லிவிட்ட சேதி

கோயமுத்தூரில் ஒரு வீடு. அந்த வீட்டு ஃபிரிட்ஜின் கதவில், மோர் பாட்டிலுக்கும் மல்லிகைப்பூப் பொட்டலத்துக்கும் நடுவே ஒரு மருந்துக் குப்பி குடியிருந்தது. கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். அதற்கு இருந்த கவலையோ அந்த ஃபிரிட்ஜுக்குள் அடங்காது.

அது இன்சுலின் குப்பி. அக்கம்பக்கத்து வீடுகளில் இருந்த அதன் உறவுக் குப்பிகள் எல்லாம் மனிதர்களுக்கு வேலை பார்த்தார்கள். இது மட்டும் ஒரு பூனைக்கு வேலை பார்த்தது.

பூனையின் பெயர் ஜாங்கிரி. நல்ல ஆரஞ்சு நிறம். சுருண்டு படுத்தால் அப்படியே தட்டில் எடுத்து வைக்கலாம் போல இருக்கும். அதனால் வைத்த பெயர். பிறகு ஒருநாள் அது குளியலறை வாளிக்குள் முகத்தை விட்டுத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. குடித்துக்கொண்டே இருந்தது. தின்னத் தின்ன இளைத்தது. பின்னங்கால்கள் தளர்ந்து, குதிகால் தரையில் படிய நடந்தது. டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சர்க்கரை நோய் என்றார்.

கீழ்வீட்டில் சிரித்தார்கள். "ஜாங்கிரின்னு பேரு வெச்சா சக்கரை வராம உப்பா வரும்?" என்றார்கள். மேல்வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மேல்வீட்டில் இருந்தது இரண்டே பேர். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மருதாசலம், அவர் மனைவி சம்பூர்ணம். மகன் கல்யாணமாகி வெளியூர் போன பிறகு, வீட்டில் கொஞ்சுவதற்கு என்று மிச்சம் இருந்தது பூனை ஒன்றுதான். காலை ஊசி மருதாசலத்தின் பொறுப்பு. மாலை ஊசி சம்பூர்ணத்தின் பொறுப்பு. டாக்டரம்மா அப்படித்தான் பழக்கிவிட்டிருந்தார்.

ஊசி போடும் நேரத்தில் அடுக்களை மேடையில் ஒரு சின்ன சபை கூடும். குப்பி வரும். புது ஊசி வரும். வேகவைத்துப் பிய்த்த கோழியோடு பூனையின் தட்டு வரும். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்கும் மெஷின், தேவைப்பட்ட நாளில் மட்டும் வந்து உட்காரும்.

"தட்டே, இன்றைக்கு நன்றாகத் தின்றானா?" என்று குப்பி தினமும் கேட்கும்.

"நக்கிவிட்டான். பார், கண்ணாடி மாதிரி இருக்கிறேன்."

"மிச்சம் ஒன்றும் இல்லையே?"

"இல்லை என்றால் இல்லை. எதற்கு இப்படி உயிரை எடுக்கிறாய்?"

"உனக்கென்ன, நீ வெளியே நிற்கிறவன்" என்றது குப்பி. "நான் உள்ளே போகிறவன். போனால் திரும்பி வர எனக்குத் தெரியாது. உடம்பில் இருக்கிற சர்க்கரையைத் தேடிப் பிடித்து அடக்குவேன். போதும், நிறுத்து என்று யாராவது சொன்னால் காதில் விழாது. வயிற்றில் நீ போட்டது இருந்தால் நான் மருந்து. இல்லாவிட்டால் நான் என்னவென்று என் வாயால் சொல்ல மாட்டேன்."

ஊசி அதிகம் பேசாது. "என்மேல் கோடு போட்டிருக்கிறார்கள். ஒரு கோடு இழுத்தால் ஒரு கோடு கொடுப்பேன். அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது" என்று மட்டும் சொல்லும். வேலை முடிந்ததும் அதை மேடை ஓரத்தில் இருந்த பழைய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவிடுவார்கள். அடுத்த வேளைக்கு அடுத்த ஊசி.

இப்படி ஒருவழியாகப் போய்க்கொண்டிருந்தது. ஜாங்கிரிக்கு உடம்பு தேறியது. ஜன்னல் திண்டில் மறுபடி தாவி ஏறியது. அப்போதுதான் அந்தப் பால்கோவா வந்தது.

யாரோ ஊருக்குப் போய்வந்து கொடுத்தது. மருதாசலம் நாற்காலியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார். ஜாங்கிரி எதிரே உட்கார்ந்து அவர் வாயையே பார்த்தது. எத்தனை நேரம்தான் மனுஷன் தாங்குவார்? ஆள்காட்டி விரலில் துளி எடுத்து நீட்டினார். பூனை நக்கியது. இன்னும் துளி நீட்டினார். அதைச் சம்பூர்ணம் பார்த்துவிட்டார்.

மெஷினை எடுத்துப் பூனையின் காதில் குத்திப் பார்த்தார். எண் ஏறிக் கிடந்தது. பயம் வந்தால் சிலருக்கு அழுகை வரும், சிலருக்கு வாய் வரும். சம்பூர்ணத்துக்கு வாய் வந்தது.

"உங்க கை பட்டா இந்தப் பூனை பொழைக்காதுங்க" என்றார்.

மருதாசலம் விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். சம்பூர்ணம் அந்தக் கோபத்தோடேயே சர்க்கரை டப்பாவைத் தூக்கிப் பரணில் போட்டார். "இனி இந்த வூட்ல சக்கரையே ஆகாது" என்றார்.

"நான் என்ன செய்தேன்?" என்று டப்பா கேட்டது. தப்பு செய்தவன் ஒருத்தன், தலைமேல் இடி வாங்கியவன் ஒருத்தன்.

அன்றைக்குத்தான் அந்த வீட்டுக்கு மௌனம் வந்து சேர்ந்தது.

சாப்பாட்டு மேசையில் மகன் உட்கார்ந்த மூன்றாவது நாற்காலி காலியாக இருந்ததல்லவா, அதில் உட்கார்ந்துகொண்டது. அது யாரையும் அடிக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை. மரியாதைக்காரர் மாதிரி கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தது. மருதாசலம் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் திரும்பி அவரைப் பார்க்கும். சம்பூர்ணம் வாயெடுத்தால் திரும்பி அவரைப் பார்க்கும். இருவரும் மூடிக்கொள்வார்கள்.

ஆனால் ஒரு வீட்டில் பேசாமல் குடித்தனம் நடக்குமா? சோறு ஆனது, தண்ணீர் வந்தது, கேஸ் தீர்ந்தது என்று சொல்லித்தானே ஆக வேண்டும்? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்.

"ஜாங்கிரி, சோறு எடுத்து வெச்சிருக்குதுன்னு உங்கப்பாகிட்டச் சொல்லு."

"ரசத்துல உப்புப் பத்தலைன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு கண்ணு."

"வேணும்னா போட்டுக்கச் சொல்லு."

எல்லாம் ஒரே மேசையில், கைக்கெட்டும் தூரத்தில்தான். பூனை நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பும். ஒவ்வொரு சேதிக்கும் ஒரு தடவல் கிடைத்தது. இருவருக்கும் பேச வேறு ஆள் இல்லாததால் தடவல் கொஞ்சம் நீண்டே கிடைத்தது. சண்டையில் கொழுத்தது அது ஒன்றுதான்.

குப்பிக்குத்தான் இது பிடிக்கவில்லை. ஃபிரிட்ஜ் திறக்கும்போதெல்லாம் அந்த மூன்றாவது நாற்காலி அதன் கண்ணில் பட்டது.

"பெரியவரே, எப்போது கிளம்புவதாக உத்தேசம்?" என்று ஒருநாள் கேட்டது.

"நானாக வரவில்லையே" என்றது மௌனம். "ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்து உட்கார வைத்தார்கள். இறக்கி விட்டால் போகிறேன்."

"எனக்கு பயமாக இருக்கிறது."

"உனக்கு எப்போது பயமில்லை?" என்று தட்டு குறுக்கே புகுந்தது. "புருஷன் பெண்டாட்டி சண்டை. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குப் போகும். நீ குளிரில் கிட."

சூலூரில் சம்பூர்ணத்தின் அக்கா மகளுக்கு வளைகாப்பு வந்தது. காலையிலேயே நல்ல நேரம். சம்பூர்ணம் விடிந்ததும் பட்டுச் சேலை கட்டிப் பூ வைத்துக்கொண்டு தயாராகிவிட்டார். மருதாசலம் குளிக்கப் போயிருந்தார்.

கிளம்ப வேண்டியதுதானே? மனது கேட்கவில்லை. குளித்து, சாமி கும்பிட்டு, பேப்பர் பார்த்து, அதற்குப் பிறகு இந்த மனுஷன் எப்போது ஊசி எடுப்பார்? மறந்தே போனால்? இன்றைக்கு ஒரு நாள் நானே போட்டுவிடலாம் என்று ஃபிரிட்ஜைத் திறந்தார். கோழியை வைத்தார். ஜாங்கிரி தின்று முடித்தது. கழுத்துக்குப் பின்னால் தோலைக் கூடாரம் போலத் தூக்கிப் பிடித்து, பதமாக ஊசியைப் போட்டார். தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். எல்லாம் சரியாகவே செய்தார். அதுதான் வேதனை.

சொல்லிவிட்டுப் போக வேண்டுமே என்று குளியலறைக் கதவு வரை வந்தார். தட்டக் கையைத் தூக்கினார். மௌனம் நாற்காலியில் இருந்தபடியே கேட்டது.

"நீயா முதலில்?"

சம்பூர்ணத்தின் கை இறங்கிவிட்டது. காலடியில் நின்ற பூனையைக் குனிந்து பார்த்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

"ஜாங்கிரி, ஊசி போட்டாச்சு, தின்னும் முடிச்சாச்சுன்னு உங்கப்பாகிட்டச் சொல்லீரு. மறந்தறாத."

உள்ளே குழாய் வாளியில் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தையும் உள்ளே போகவில்லை. சம்பூர்ணம் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மருதாசலம் துண்டோடு வெளியே வந்தபோது பூனை அவர் காலைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. அவர் அடுக்களையை எட்டிப் பார்த்தார். தட்டு கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது.

"சீலை கட்டற அவசரத்துல உன்னையப் பட்டினி போட்டுட்டுப் போயிட்டாளா, கண்ணு?" என்று கோழியை எடுத்து வைத்தார். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தார்.

குப்பிக்கு உயிர் போனது போல இருந்தது. "இப்போதுதானே எடுத்து வைத்தார்கள்! எதற்கு மறுபடி எடுக்கிறார்?"

மேடை ஓரத்து டப்பாவுக்குள் இருந்து ஒரு குரல் வந்தது. அரைமணிக்கு முன்னால் வேலை முடித்துப் படுத்த ஊசி அது. "நான் போட்டாயிற்று! நான் போட்டாயிற்று!" என்று கத்தியது. டப்பாவின் மூடி இறுக்கமான மூடி.

"எனக்கு என்ன தெரியும்?" என்றது கையில் இருந்த புது ஊசி. "என்னை இப்போதுதான் உறையிலிருந்து எடுத்தார்கள். ஒரு கோடு என்றால் ஒரு கோடு."

"தட்டே! அவன் தின்னவில்லை என்று காட்டு. தின்னாவிட்டால் போட மாட்டார்!"

"தின்கிறானே!" என்று தட்டு அலறியது. "வயிறு நிறைந்தவன்தான். ஆனாலும் கோழியாயிற்றே, நாலு துண்டு தின்றுவிட்டான். நான் என்ன செய்வேன்?"

குப்பி அவர் உள்ளங்கையிலிருந்து வழுக்கி விழப் பார்த்தது. விழுந்து உடைந்தால்கூடத் தேவலை என்று நினைத்தது. மருதாசலம் கவனமான மனிதர். இறுக்கிப் பிடித்துக்கொண்டார். குலுக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னபடி இரண்டு கைக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டினார். ஒரு கோடு இழுத்தார். வலிக்காமல் போட்டார்.

பிறகு பூனையின் தலையைத் தடவிவிட்டுச் சொன்னார்: "நேரத்துக்கு ஊசி போட்டாச்சுன்னு உங்கம்மா வந்தாச் சொல்லு. என்ற கையால ஒண்ணும் ஆகிப்போகலைன்னும் சொல்லு."

ஜாங்கிரி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

உள்ளே, ரத்த ஓட்டத்தில், இரண்டு துளிகள் சந்தித்துக்கொண்டன.

"நீ எதற்கு வந்தாய்?" என்றது முதல் துளி.

"இன்றைய காலைக்கு வந்தேன். நீ?"

"நானும் இன்றைய காலைக்குத்தான்."

திரும்பிப் போகும் வழி இரண்டுக்குமே தெரியாது. தெரிந்தது ஒரே வேலை. அதை இரண்டும் சேர்ந்து செய்யத் தொடங்கின.

மருதாசலம் பேப்பரை விரித்து உட்கார்ந்தார். முதலில் பூனை ஜன்னல் திண்டுக்குத் தாவியது. எட்டவில்லை, விழுந்தது. "வயசாயிருச்சு உனக்கும்" என்று சொல்லி அவர் பக்கத்தைத் திருப்பினார். பிறகு அது சுவரை ஒட்டி நடந்தது, குடித்தவன் போல. பிறகு மேசைக்கு அடியில் போய், மௌனம் உட்கார்ந்திருந்த நாற்காலியின் காலடியில் சரிந்தது.

வெகுநேரம் சத்தமில்லை என்பது அவருக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. குனிந்து பார்த்தார். பூனையின் கண் திறந்திருந்தது. அவரைப் பார்க்கவில்லை. கால் மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது.

மெஷினை எடுத்தார். அவசரத்தில், ரத்தம் தொட்டு வைக்கும் பட்டைகள் இரண்டு வீணாயின. மூன்றாவதில் மெஷின் எண்ணைக் காட்டவில்லை, வெறும் இரண்டு எழுத்தைக் காட்டியது.

"எனக்குத் தெரிந்த எண்ணுக்கெல்லாம் கீழே போய்விட்டான்" என்றது மெஷின். "இதற்குமேல் என்னைக் கேட்காதீர்கள்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு கோடுதானே? தின்றானே? எப்போதும் போலத்தானே போட்டேன்? யாரைக் கேட்பது? பழக்கதோஷம், வாய் தானாகத் தொடங்கியது.

"ஜாங்கிரி, உங்கம்மாகிட்டக் கேளு..."

அங்கேயே நின்றுபோனார். சேதி கொண்டுபோக ஆள் இல்லை. சேதிக்காரன்தான் தரையில் கிடந்தான்.

ஃபோன் மேசையில் இருந்தது. கையை நீட்டினார். அதன்மேல் ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

"யோசித்துக்கொள்" என்றது மௌனம். "எடுத்தால் என்ன சொல்வாள் தெரியும்தானே? உன் கை பட்டால் பிழைக்காது என்று அன்றைக்கே சொன்னாள். நீயாகவே கூப்பிட்டு, அவள் சொன்னது பலித்தது என்று சொல்லப் போகிறாயா?"

மௌனம் பொய் சொல்லவில்லை. மருதாசலத்தின் மனதில் இருந்ததைத்தான் சொன்னது. சம்பூர்ணத்தின் முகம் எப்படிப் போகும் என்று அவருக்குத் தெரியும். அந்த முகத்தை நினைக்க அவருக்குப் பயமாக இருந்தது. மேசைக்கு அடியில் பூனையின் கால் மறுபடி இழுத்தது. அவர் மௌனத்தின் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டு ஃபோனை எடுத்தார்.

அந்தப் பக்கம் வளையல் சத்தமும் சிரிப்புமாக இருந்தது. "அலோ" என்றார் சம்பூர்ணம். அதற்குமேல் இரண்டு பேருக்கும் வரவில்லை. இத்தனை நாள் பழகாத தொண்டை.

"சம்பூர்ணம்" என்றார் அவர். "பூனை வுழுந்து கெடக்குது."

"என்னுங்க சொல்றீங்க? ஊசி போட்டுட்டுத்தானுங்க வந்தேன்! நல்லாத் தின்னுதே!"

"ஊசி போட்டியா?"

"ஆமாங்க."

"நானும் போட்டேன்."

சிரிப்புச் சத்தத்திலிருந்து விலகி அவர் வெளியே ஓடி வருவது கேட்டது. மூச்சு வாங்கியது. "நான் சொல்லிட்டுத்தானுங்க வந்தேன்! பூனைகிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தேன்!"

"பூனைகிட்டயா சொன்னே?"

சம்பூர்ணம் அழுவது கேட்டது. பிறகு அந்த அழுகையை விழுங்கிவிட்டுக் கத்தினார்.

"சக்கரை! சக்கரை தடவச் சொல்லுச்சுங்க டாக்டரம்மா! தண்ணியில கெட்டியாக் கரைச்சு ஈறுல தேய்ங்க! வாயில ஊத்தீராதீங்க, பொரையேறீரும்!"

"சக்கரை எங்க வெச்சே?"

"பரண்ல! இட்லிக் குண்டாவுக்குப் பொறத்தால! போங்க, சீக்கிரம் போங்க!"

மருதாசலம் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். மௌனத்தின் நாற்காலியா தன்னுடையதா என்றெல்லாம் பார்க்கவில்லை. இட்லிக் குண்டா உருண்டு விழுந்தது. பின்னால் சர்க்கரை டப்பா தூசி படிந்து உட்கார்ந்திருந்தது.

டப்பாவுக்குச் சொல்ல நிறைய இருந்தது. துரத்திவிட்டீர்கள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, இப்போது மட்டும் நான் வேண்டுமா என்று கேட்க எத்தனையோ நாளாக வாக்கியம் கட்டி வைத்திருந்தது. கீழே பூனையைப் பார்த்தது. ஒன்றும் கேட்கவில்லை. மூடி திறந்ததும் கொட்டியது.

"ஓடு" என்றது ஃபிரிட்ஜுக்குள் இருந்து குப்பி. சர்க்கரையும் அதுவும் ஜென்மப் பகையாளிகள். "என்னைப் பிடி. எனக்கு நிற்கத் தெரியாது. நீ போய்ப் பிடி."

ஆள்காட்டி விரலில் தொட்டுத்தொட்டு மருதாசலம் பூனையின் ஈறில் தேய்த்தார். அன்றைக்குப் பால்கோவா கொடுத்த அதே விரல். ஃபோன் தரையில் திறந்தபடி கிடந்தது. "நக்குதுங்களா? நக்குதுங்களா?" என்று அதிலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது.

"இல்ல" என்றார் அவர். மறுபடி தேய்த்தார். "இல்ல புள்ள." மறுபடி தேய்த்தார்.

விரலில் சொரசொரப்பாக ஏதோ பட்டது.

"நக்குது" என்றார். அவர் அழுதார் என்பது ஃபோனுக்கு அந்தப் பக்கமும் தெரிந்தது.

பூனையைத் துண்டில் சுற்றி ஆட்டோவில் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார். சூலூரிலிருந்து சம்பூர்ணம் நேரே அங்கே வந்து சேர்ந்தார். கன்னத்தில் சந்தனம் காய்ந்திருந்தது. கை நிறைய வளைகாப்பு வளையல். ஜாங்கிரியின் முன்னங்காலில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா இருவரையும் நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டாவது ஊசி போட்டது யாரு?"

"நாந்தானுங்க" என்றார் மருதாசலம்.

"நாந்தானுங்க" என்றார் சம்பூர்ணம்.

டாக்டரம்மாவுக்குப் புரிந்தது போல இருந்தது. "சந்தேகம் வந்தா ஊசியே போடாதீங்க. ஒரு வேளை தப்பினா ஒண்ணும் ஆகாது. ரெண்டு வேளை சேந்து விழுந்தாத்தான் ஆபத்து. இன்னிக்கு சாயங்காலமும் போட வேண்டாம். நான் சொன்னப்புறம் ஆரம்பிச்சாப் போதும்" என்றார்.

இரவைத் தாண்டுமா என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். இருவரும் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஆள் உட்கார இடம் இல்லை.

ஜாங்கிரி தாண்டியது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில், அவர்கள் படியேறும்போதே அடுக்களைக்குச் சத்தம் கேட்டது.

"பூனைகிட்டச் சேதி சொல்லிட்டுப் போற பொம்பளைய நான் எங்கயும் பாத்ததில்ல!"

"நீங்க மட்டும் என்னத்தச் சொன்னீங்களாமா? என்ற மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா?"

"நீ கதவைத் தட்டியிருந்தா?"

"தட்டத்தான் வந்தேன்!"

"அப்பறம்?"

"அப்பறம் தட்டல" என்றார் சம்பூர்ணம். பூனைக் கூடையை எங்கே வைப்பது என்று பார்த்து, மூன்றாவது நாற்காலியில் வைத்தார்.

மௌனம் எழுந்து நின்றது. கொஞ்சம் காத்துப் பார்த்தது. யாரும் அதன் பக்கம் திரும்பவில்லை. வாசலை நோக்கி நடந்தது.

"கிளம்பிவிட்டீர்களா?" என்றது குப்பி.

"இடம் இல்லையே" என்றது மௌனம். "கீழ்வீட்டில் கேட்டுப் பார்க்கிறேன்."

அன்று சாயங்காலம் தட்டு பூனையிடம் கோபித்துக்கொண்டது. "ஏன்டா, அம்மா உன்னிடம் அவ்வளவு சொல்லிவிட்டுப் போனாள். அப்பாவிடம் நீ ஒரு வார்த்தை சொன்னால் என்ன?"

"சொன்னேனே" என்றது ஜாங்கிரி. "குளித்துவிட்டு வந்ததும் காலைச் சுற்றிச் சுற்றிச் சொன்னேன். ஊசி போட்டாயிற்று, தின்றாயிற்று என்று தொண்டை கட்டச் சொன்னேன். அவர் பசி என்று நினைத்துக் கோழி வைத்தார்."

டாக்டரம்மா மறுபடி ஊசியை ஆரம்பிக்கச் சொன்ன காலை வந்தது. மருதாசலம் ஃபிரிட்ஜைத் திறந்து குப்பியைக் கையில் எடுத்தார். அதே குளிர், அதே உள்ளங்கை. குப்பிக்குப் பழைய நடுக்கம் வந்தது.

"ஜாங்கிரி, உங்கம்மாகிட்ட..." என்று தொடங்கி, நிறுத்தி, திரும்பினார். "சம்பூர்ணம்! ஊசி போட்டியா?"

"போடலீங்க! நீங்க?"

"நான் போட்டிருந்தா உன்னைய ஏன் கேக்கறேன்?"

"நெசமாப் போடலீங்களே?"

"ஏம்புள்ள, நூறு வாட்டி கேப்பியா?"

"கேப்பேன்! நூத்தியோரு வாட்டியும் கேப்பேன்!"

சத்தத்தில் கீழ்வீட்டு ஜன்னல் திறந்தது. புதிதாக உறையிலிருந்து வந்த ஊசி மிரண்டுபோய், "என்ன இது, காலங்காத்தாலே சண்டையா?" என்றது.

"சண்டைதான்" என்றது குப்பி. "போடட்டும். சத்தம் கேட்கிற வீட்டில் மருந்து இரண்டு தடவை போகாது."